மறுநாள் முளைத்த சர்க்கரை

மூன்று மாதம் என் செல்கள் சாகவில்லை. பெங்களூரில் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் நான் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். செல் செத்தால்தான் எனக்குச் சோறு.

வேலை இதுதான். புற்றுநோய் செல்லின் மேல்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்த்தியாக நிற்கும். அவற்றின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். அதைத் தொட்டுப் பார்க்கும் உடம்பின் நோய் எதிர்ப்பு செல், 'நம்ம ஆளுதான்' என்று பேசாமல் போய்விடும். நாங்கள் என்சைம் விட்டு அந்த நுனியை வெட்டுவோம். வேஷம் கலைந்ததும் எதிர்ப்பு செல் கொல்ல வேண்டும். கொல்லவில்லை.

ஆய்வை நடத்தும் மேடம், என்சைம் கம்பெனிக்கு மூன்று காட்டமான மெயில் போட்டார். சேல்ஸ்மேன் புது என்சைமோடு ஓடிவந்து, செல் வளரும் இன்குபேட்டர் பெட்டியைப் பார்த்துக் கும்பிடு போட்டார். மறுநாளும் எல்லாச் செல்லும் சௌக்கியம்.

"இந்த மாசமும் ரிசல்ட் வரலைன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க செல்வம். உங்க கான்ட்ராக்டும் போச்சு" என்றார் மேடம்.



ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் சாயந்திரம் மேடம் என் முகத்தை முறைத்தார். "ஏன்ரீ, ஷேவ் கூட பண்ணாம வந்திருக்கீங்க?"

"பண்ணேன் மேடம். மாரிகுப்பத்துல விடிகாலை மூணு மணிக்கே பண்ணிட்டுத்தான் ரயிலேறினேன். சாயந்திரத்துக்குள்ள மொளச்சிடுது, நான் இன்னா பண்றது?"

சொல்லிக்கொண்டே தாடையைத் தடவினேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

'வெட்டியவுடன் கலக்கவும்' என்றுதான் ப்ரோட்டோகாலில் இருந்தது. கலந்தால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும், ரயில் போய்விடும். அதனால் மாலையில் வெட்டி வைத்துவிட்டு ஓடுவேன், காலையில் வந்து எதிர்ப்பு செல்லோடு கலப்பேன். ஷிஃப்ட் முடிந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மேலே போகும் கேஜ் லிஃப்டில் ஏறிய கோலார் தங்கச் சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளை வேறென்ன செய்வான்? நோட்டில் கலந்த தேதியை மட்டும் எழுதுவேன்.

சொன்னால் வேலை போகலாம், சொல்லாவிட்டால் கட்டாயம் போகும். சொல்லிவிட்டேன்.

மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "உயிரோட இருக்கிற செல்லு! ராத்திரியெல்லாம் சர்க்கரையைத் திரும்பக் கட்டிக்காதா? ஐயோ, அந்த சேல்ஸ்மேனை அழ வெச்சேனே!"

மறுநாள் ரிவ்யூ குழுவின் கண்ணெதிரே வெட்டினேன், உடனே கலந்தேன். மதியத்துக்குள் தட்டு முழுக்கப் பிணம். கோட்டு சூட்டு போட்ட பெரியவர்கள் கைதட்டினார்கள். நான் அழுதேவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். என்சைம் மேல் ஒரு தப்பும் இல்லை. மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்க, மூன்று மாதம் புற்றுநோய்க்கு தினமும் ஒரு ராத்திரி லீவு கொடுத்தவன் நான்தான்.