அறிவித்தலில் இல்லாத வரி

மூச்சு இழுக்க முடியாமல் கட்டிலில் கிடந்த அந்த நாட்களில் நான் சாவுக்குப் பயப்படவில்லை. ஒரு நாயை நினைத்துத்தான் பயந்தேன். என் பொய்யால் துரத்தப்பட்ட நாய் அது. ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்வதற்கு முன் அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டு நான் கொடுக்கும் சாட்சி அவருக்கு மகிமையாகாது.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். சபையில் மூப்பனாக இருந்தவன். ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் அறைகள் வரிசையாய் ஒட்டியிருக்கும் லயத்தில், பிறந்த அதே இடத்தில் தனியாக வசிக்கிறேன். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா எங்கள் லயத்துக்குள்ளும் வந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சுகாதாரப் பரிசோதகர் ஒரு சிங்கள அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் வாசிக்கத் தெரிந்த இளையவர்கள் கொழும்பில் முடங்கியிருந்தார்கள். வழக்கம்போல நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

வீட்டுப் பிராணிகள் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: நோய் கண்டவர் தம் பிராணியிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். சுகமாயிருக்கும் வேறொருவர் அதற்குத் தீனி வைத்து, முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பயந்து அதைத் துரத்திவிடக் கூடாது.

நான் வாசித்ததோ, “நாய்களை லயத்தைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.”

லயத்தில் இருந்தது ஒரே நாய்தான். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் காளியம்மாவின் ஜிம்மி. வாரத்துக்கு ஒரு முறையாவது என் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டுபோய் அவர் வாசலில் போடும். லயமே சிரிக்கும். நான் நோய்க்குப் பயந்தது உண்மை. அந்தச் சிரிப்பு எனக்குள் வளர்த்த கோபமும் உண்மை.

“அப்பிடியேவா எழுதியிருக்கு, மாஸ்டர்?” என்று கேட்டார் காளியம்மா.

“ஆமா. அரசாங்க உத்தரவு.”

“இனி மாஸ்டர் செருப்பு ரெண்டும் ஒண்ணாவே கெடக்கும்” என்றார் கூட்டத்தில் ஒருவர். காளியம்மா சிரிக்கவில்லை. தானே ஜிம்மியைத் தூக்கிக் கொழுந்து லொறியில் ஏற்றினார். லொறிக்காரர் சுனில், பத்து மைலுக்கு அப்பாலுள்ள தேயிலை பெக்டரி வாசலில் அதை இறக்கிவிட்டார்.

ஒரு வாரத்தில் எனக்கும் காளியம்மாவுக்கும் நோய் கண்டது. அவரவர் காம்பராவிலேயே அடைபட்டோம். எங்கள் லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அவருடைய இருமல் கேட்கும். இருமலுக்கு நடுவே “ஜிம்மி, ஜிம்மி” என்று கூப்பிடுவதும் கேட்கும். அடுத்த லயத்திலிருந்து அவர் தங்கச்சி ராணி வந்து, வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று, “ரெண்டு வாயாவது குடிங்கக்கா” என்று கெஞ்சுவார். மூன்று நாளும் கஞ்சி அப்படியே திரும்பிப் போனது.

ஆண்டவரே, அந்த நாயை எப்படியாவது கொண்டுவந்துவிடும் என்று ஜெபித்தேன். மறுபடி மறுபடி ஜெபித்தேன். மனம் கல்லாகவே இருந்தது. நான்காம் நாள் காலையில்தான் புரிந்தது: என் பொய் வெளியே தெரியாமல் நாய் திரும்பி வரவேண்டும் என்றல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறேன்! அழுதேன். உண்மையைச் சொல்லத் துணிவு தாரும் என்று கேட்டேன். அது உடனே கிடைத்தது.

சுவரோரம் போய் நின்றேன். “காளியம்மா, அந்த நோட்டீஸ்ல நாயைத் துரத்தச் சொல்லல. துரத்தக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்.”

அந்தப் பக்கம் அவர் சுவரை நெருங்கி வருவது கேட்டது.

“ஒரு செருப்புக்கா, மாஸ்டர்?” என்றார். “படிச்சவுங்க சொல்றீங்கன்னு என் கையாலயே தூக்கிக் குடுத்தேனே.”

சுனிலுக்குப் போன் செய்தேன். “அனே மாஸ்டர், அது பெக்டரி கேட்லதான் நின்னுச்சு. லொறி வந்தா ஓடிவந்து பார்க்கும். ரெண்டு நாளா காணோமே” என்றார்.

அன்று பகல் முழுவதும் ஜெபித்தேன். சுவருக்கு அப்பால் காளியம்மா தம் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கொழுந்து நிறுக்கும் நேரம் லொறி விடாமல் ஹோர்ன் அடித்தது. ஜிம்மி பெக்டரியின் விறகுக் கொட்டகைக்குள் சுருண்டு கிடந்ததாம்.

“காளியம்மா பேரச் சொன்னேன், மாஸ்டர். தானே ஏறிருச்சு” என்றார் சுனில், லயத்து முற்றத்தில் அதை இறக்கிவிட்டு.

எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனால் வாலை ஆட்டியது.

காளியம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தார். நான் முகக்கவசத்தோடு என் வாசலில் நின்று, அறிவித்தலில் இருந்ததை இம்முறை இருந்தபடியே எல்லோருக்கும் சொன்னேன். ராணி ஜிம்மியை முற்றத்துக் கொய்யா மரத்தில், அக்காவின் கண்ணுக்குத் தெரியும்படி கட்டினார். அதற்குத் தனித் தட்டு. தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். காளியம்மா தம் வாசற்படியில் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே கஞ்சி முழுவதையும் குடித்தார்.

நாங்கள் இருவரும் பிழைத்தோம். ஜிம்மிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோயில் மறுபடி திறந்த முதல் ஞாயிறு, சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லி மூப்பர் பொறுப்பை விட்டேன். இன்றும் ஆட்கள் கடிதம் கொண்டுவருகிறார்கள். ஒரு வரி கூட்டாமல், ஒரு வரி குறைக்காமல் வாசிக்கிறேன்.

உங்கள் ஜெபம் கேட்கப்படவில்லையே என்று நீங்கள் சோர்ந்திருந்தால், அவரிடம் எதை மறைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று பாருங்கள். அதை முதலில் எடுத்து வையுங்கள். அவர் உங்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்.

இன்று காலையும் என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. ஒற்றைச் செருப்போடு பக்கத்து வாசலுக்குப் போனேன்.

“வாங்க மாஸ்டர்” என்றார் காளியம்மா. “ஒங்களக் கூட்டியாரத்தான் தூக்கிட்டு வந்திருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”