தும்மலுக்குக் கட்டம் போடவில்லை

நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியின் உட்புறத்தில் ஒரு பிளேடு. மாத்திரையை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால் சரிபாதியாகப் பிளந்து தரும். கொச்சியில், கலூரில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது ஒரு மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தேன். பார்த்த நொடியிலேயே யோசனை முழுசாக வந்துவிட்டது. முதலில் பாதி, அப்புறம் கால், அப்புறம் அதிலும் பாதி, அப்புறம் ஒன்றுமில்லை. ஓணத்துக்குள் அண்ணாவை அந்த மாத்திரையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம். பஸ் காக்கநாட்டில் என் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்போனில் அட்டவணையே தயாராகிவிட்டது. எனக்கு எதுவும் அப்படித்தான். ஒரு புது விஷயம் கிடைத்தால் அன்றைக்கே அதை ஆரம்பித்து, முடியும் தேதியையும் குறித்துவிட வேண்டும்.

அண்ணா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிறவன். கைப்பிடி மிளகை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவான். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபோது வலிக்காகக் கொடுத்த மாத்திரைகள், வலி போன பிறகும் அவனை விடவில்லை. பிறகு போதை ஊசி. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கடைசியில் ஒரு சிகிச்சை மையத்து டாக்டர், ஏக்கத்தை அடக்கிவைக்கிற மாத்திரை ஒன்றைத் தொடங்கிவைத்தார். அவன் வேலைக்குத் திரும்பினான், உடம்பு தேறியது. அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. அந்தச் சிகிச்சை மையத்தில் மாத்திரையை நோயாளி கையில் தராமல் வீட்டில் ஒருவர் பொறுப்பில் தருவது வழக்கம். என்னிடம் தந்தார்கள்.

அதனால் தினமும் காலையில் பத்து நிமிடம் அண்ணா என் எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் ஓரிடத்தில் இருப்பதே அந்தப் பத்து நிமிடம்தான். நான் பேசுவேன். ஆபீஸ் கதை, புதிதாகப் படிக்கத் தொடங்கிய ஜப்பான் மொழி, வாங்கப்போகிற சைக்கிள். அட்டவணையையும் அப்படி ஒரு காலையில்தான் காட்டினேன். பார்த்தான். தலையை ஆட்டினான். செல்போனில் மணி அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

குறைக்கிற காலம் வரும், அப்போது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், நீங்களாக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் வாரக்கணக்கில் குறைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. இணையத்தில் நிறைய வாசித்திருந்தேன். எனக்குப் பிடித்ததை மட்டும் வாசித்திருக்கிறேன் என்பது அப்போது தெரியாது. அட்டவணையில் தூக்கம், வியர்வை, வயிறு, கால் குடைச்சல், கொட்டாவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தினமும் நானே கேட்டு நானே நிரப்பினேன். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்துவான். பச்சை நிறம் போடுவேன்.

மூன்றாவது வாரம் தும்மல் ஆரம்பித்தது. கண்ணிலும் நீர் வடிந்தது.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கிடங்குச் சுவர். மிளகும் மிளகாய் வத்தலும் இறங்குகிற நாளில் பாலக்காட்டிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் ஆட்டோவிலேயே தும்மத் தொடங்கிவிடுவார்கள். மற்ற வீடுகளில் குழந்தை தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது. ஆகவே தும்மலுக்கு நான் கட்டம் போடவில்லை. போடத் தோன்றவே இல்லை.

ஒருநாள் காலை அவன் தும்மிய வேகத்தில் மாத்திரைத் துண்டு தெறித்து எங்கேயோ போய்விட்டது. அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். மூன்று பேரும் சிரித்தோம். அண்ணா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “பத்து வருஷமா மொளகுல கெடக்கறேன், ஒரு நாளும் தும்மினதில்லை, கேட்டியா.”

“புது லோடு காரமா இருக்கும்,” என்றேன். அதற்குள் அம்மா துண்டைக் கண்டெடுத்துவிட்டாள்.

கிடங்கிலும் கேலி செய்தார்களாம். பத்து வருஷப் பழக்கத்தை மிளகு மறந்துவிட்டது, இனி ஏலக்காய்க்கு மாறிக்கோ என்று சுமை தூக்குகிற சேட்டன் சொன்னதாக அவனே வந்து சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அதே சேட்டன்தான் எனக்கு போன் செய்தார். “மோளே, நீ ஒண்ணு வேகம் வா” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் அண்ணா கிடந்திருக்கிறான். உதடு நீலமாகி, மூச்சு எப்போதோ ஒன்று வந்துகொண்டிருந்ததாம். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பழைய இடத்தில் வாங்கிவந்து, ஊசியில் பழைய அளவையே போட்டிருக்கிறான். உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிழைத்துக்கொண்டான்.

டாக்டரிடம் அட்டவணையைக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார். தும்மலும் கண்ணில் நீரும் இருந்ததா என்று மட்டும் கேட்டார். வேகமாகக் குறைத்தால் முதலில் வருகிற அடையாளங்களில் அவையும் உண்டு என்றார். மட்டாஞ்சேரியில் எல்லாரும் தும்முவார்கள் டாக்டர் என்றேன். அவர் செல்போனைத் திருப்பித் தந்தார்.

அண்ணா கண் விழித்து, ஓரளவு பேச முடிந்த பிறகு, தும்மலைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அத்தனை கட்டம் போட்டியே. தும்மலுக்கு ஒண்ணு போட்டிருக்கக் கூடாதாடீ?” என்றான். கேலிதான். சிரிக்க முயன்று இருமினான்.

முடியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேக்கறப்பல்லாம் என் வாயில மாத்திரை இருந்தது.”

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் ஆபீஸ் போனேன், ஒரு மீட்டிங்கில் எல்லாருக்கும் முன்னால் பதில் சொன்னேன், நன்றாகப் பேசினாய் என்றார்கள். சைக்கிள் வாங்கவில்லை. ஜப்பான் மொழி நின்ற இடத்தில் நிற்கிறது. எதைப் பார்த்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருக்கிறது.

மருந்தைப் பழைய அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இப்போதைக்குக் குறைக்கிற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எப்போதாவது குறைப்பதானால் அவனும் அவரும் பேசி முடிவு செய்வார்கள். வெட்டி மிச்சம் வைத்திருந்த துண்டுகளை மையத்தில் ஒப்படைத்தேன். அண்ணா கிடங்குக்குப் போகிறான். மூட்டைக்கு மேல் குனிந்து முகர்கிறான். தும்முவதில்லை என்று சேட்டன் சொல்கிறார்.

நீலப் பெட்டி என் மேஜை டிராயரில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். பிளேடின் ஓரத்தில் இன்னும் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலூரில் அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு வேகமாக யோசனை ஓடியது என்பது நினைவிருக்கிறது. அந்தச் சந்தோஷம் எப்படி இருந்தது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

நாளைக் காலையிலும் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்ணா எதிரே உட்காருவான். அந்தப் பத்து நிமிடமும் நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். மணி அடித்ததும் சட்டையை எடுக்க எழுந்திருப்பான். அப்போது, அவன் வாய் காலியாக இருக்கும்போது, எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். ஆபீஸ் பஸ் போனால் போகட்டும்.