புல்லை வெட்டாமல் விட்ட வருஷம்

அடையாறில் எங்கள் வீட்டு முன்னால் இரண்டு ஜமக்காளம் விரிக்கிற அளவுக்கு ஒரு புல்தரை இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அதை வெட்டாமல் விட்டேன். சோம்பல்தான் காரணம் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். காரணம் தேனீ. மயிலாப்பூர் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், புல்தரையைக் காடாக விட்டால் பூக்கள் தானே வரும், பூவைத் தேடித் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும், அவை வந்தால்தான் மகரந்தம் சேர்ந்து காய் காய்க்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. எழுதியவர் எந்தக் குளிர்தேசத்தில் இருந்தார், அங்கே தானாக முளைப்பது என்ன, இங்கே தானாக முளைப்பது என்ன என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அச்சில் வந்ததை நம்பிவிடுவேன். நானே அச்சுக்கு எழுதுகிறவனாக இருந்தும்.

மாதம் இருமுறை வரும் தோட்டக்காரர் கத்தரியோடு வந்து நின்றார்.

"இன்னா சார், வெட்ட வாணாமா?"

"வேண்டாம். தேனீ வரட்டும்."

"தேனீ வருதோ இல்லியோ, கண்டதும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முழங்காலைத் தொட்டது. தும்பை வந்தது, குப்பைமேனி வந்தது. எல்லாவற்றையும் நெட்டித் தள்ளிக்கொண்டு, கேரட் இலை போன்ற இலையும் பொடிப்பொடியான வெள்ளைப் பூவுமாக ஒரு செடி இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. தேனீக்களும் வரத்தான் செய்தன. பொய் சொல்லக் கூடாது. காலையில் தும்பையைச் சுற்றி ரீங்காரம் கேட்கும். நான் காபி டம்ளரோடு நின்று ஜமீன்தார் மாதிரிப் பார்வையிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகக் காலை ஏழரைக்குக் காம்பவுண்டுச் சுவர்மேல் அவர் ஆங்கிலப் பேப்பரை வைப்பார், நான் தமிழ்ப் பேப்பரை வைப்பேன், மாற்றிக்கொள்வோம். அப்படி ஒரு காலையில் சொன்னார்:

"சார், அந்த வெள்ளைப் பூச் செடியை மட்டும் எடுத்துட்டாத் தேவலை. பார்த்தீனியம்னு சொல்றா. சில பேருக்கு ஒத்துக்காதாம்."

"யாருக்கு ஒத்துக்கலை?"

"பொதுவாச் சொன்னேன்."

அவருக்கு மகரந்தச் சேர்க்கை பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். நடுநடுவே இருமிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு சுவரருகே வரும்போதெல்லாம் இருமினார். சில பெரியவர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கனைத்தே காரியம் சாதிப்பார்கள். இவரும் அந்த ரகம் என்று முடிவு கட்டினேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். விஷயம் கிடைக்காத ஒரு வாரம், என் தோட்டத்தை எதிர்த்து இருமும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதினேன். சாதா ஆட்சேபம், கடும் ஆட்சேபம், கோர்ட்டுக்குப் போகும் ஆட்சேபம் என்று இருமலை வகை பிரித்திருந்தேன். பேர் போடவில்லை. எங்கள் தெருவுக்கு அது தேவையும் இல்லை. காய்கறிக் கடையில் ஒருவர் என்னைப் பார்த்து இருமிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

"அவர் படிச்சா என்ன நினைப்பாரு?" என்றாள் மனைவி.

"சிரிப்பாரு."

அடுத்த நாளிலிருந்து சுவர்மேல் பேப்பர் இருந்தது, அவர் இல்லை. அந்த வீட்டு ஜன்னல்களும் மூடியே கிடந்தன. கோபம் என்று நினைத்தேன். ஒரு தமாஷைத் தாங்க முடியாதவரோடு என்ன பேச்சு என்று எனக்கும் வீம்பு.

மார்கழியில் ஒரு காலை அவர் மனைவி வந்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை, கேட்டிலேயே நின்றார்.

"அவர் சொல்லி வரலை, நானாத்தான் வந்தேன். அவருக்கு மூச்சே விட முடியலை. ஒரு மாசமா உக்காந்துண்டேதான் தூங்கறார். இந்தச் செடி பக்கத்துல எங்கேயாவது இருக்கான்னு டாக்டர் கேட்டார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமி."

"சொன்னாரே. அப்புறம் நீங்க எழுதினேள். இனிமே வெளில நின்னு இருமினா நாலு பேர் சிரிப்பான்னு ஆத்துக்குள்ளயே இருந்துட்டார்."

மாமி திரும்பிப் போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெறும் கையால் பிடுங்கினேன். பிடுங்கிய செடியை உதறி உதறிச் சுவரோரமாகவே எறிந்தேன். பாதியில் வந்த தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பூத்துக்கினு கீற செடியப் போயி உதறுவாங்களா சார்? தூள் பூரா அந்தாண்ட வூட்டுக்குத்தான் போவும். தண்ணி தெளிச்சி, சாக்குல கட்டி எடுக்கணும். படிச்சவங்க!"

அன்று மத்தியானமே பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை ஏற்றினார்கள். நான் அவர்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கையிலும் தடிப்புத் தடிப்பாக அரித்தது. சொறிந்துகொள்ள வெட்கமாக இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாலவாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் தரையை மண் தெரியும்வரை மொட்டையடித்தேன். தும்பையை மட்டும் விட்டிருக்கலாம். அந்த நிதானமெல்லாம் அப்போது இல்லை.

தை பிறந்ததும் பார்க்கப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை: 'நான் எழுதினது தப்பு.' மூன்றே சொல். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு பாரமா?

வராந்தாவில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்கோ சார். தேனீயெல்லாம் சௌக்கியமா?"

குத்தலே இல்லாமல்தான் கேட்டார். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு சார். ஹவுஸ் ஓனர் சரியில்லையாம்."

சிரித்தார். மனம் விட்டே சிரித்தார். பாதியில் சிரிப்பு மாறியது. தோள்கள் மேலேறின, கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். நான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதை யாரும் கேட்கவில்லை.

அவருக்கு மூச்சு சீரானதும் அவள் என்னோடு வாசல்வரை வந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ அங்கிள். நீங்க வந்தா அப்பா சிரிக்கறார். கொஞ்ச நாளைக்கு வராம இருங்களேன்."

"சரிம்மா" என்றேன். அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.