பெட்டியில் கட்டாத சிவப்பு நாடா

"ஞாயிறு வாரேன் அக்கா. பெட்டியப் பூட்டிராதீங்க, நிறுத்துப் பார்க்கணும்." தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தம்பி குடும்பக் குழுவுக்கு அனுப்பிய செய்தி இது. அதற்குப் பிறகு கைபேசியை மாற்றிவிட்டேன். செய்தி அழியாமல் புதியதற்கும் வந்து சேர்ந்தது. அதில் சொல்லப்பட்ட பெட்டி இப்போது கம்பளையில், அக்காவும் நானும் இருக்கும் வீட்டில், அவளுடைய அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கறுப்புப் பெட்டி. அடியிலுள்ள ஒரு சில்லு மட்டும் சரியாக உருளாமல் கொஞ்சம் இழுக்கும். கைப்பிடியில் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று எங்கள் வீட்டில் அடுக்கிய பெட்டிகளில் சிவப்பு நாடா இல்லாதது அது ஒன்றுதான்.

தம்பி கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பனியின் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்தான். விமானம் தரையில் நிற்கும்போது அதன் சில துவாரங்களுக்கு உறை போட்டு மூடுவார்கள். சக்கரக் கால்கள் மடங்கிவிடாமல் கம்பி செருகுவார்கள். புறப்படும்போது இவற்றைக் கழற்ற யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் நீளமான சிவப்பு நாடா தொங்கும். பறக்குமுன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்தில் இருக்கும். வெயிலில் வெளிறி ஓரம் பிய்ந்த நாடாக்களைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். அக்காவும் நானும் வேளாங்கண்ணிக்கு யாத்திரை போன வருடத்தில் அப்படிக் கழித்த இரண்டைக் கொண்டுவந்து எங்கள் பெட்டிகளில் கட்டிவிட்டான். "அங்க எல்லாம் கறுப்புப் பெட்டியாத்தான் வரும். உங்களோடது எதுன்னு தெரிய வேணாமா?" என்றான். அக்கா கண்ணாடியைப் போட்டு எழுத்தை வாசித்தாள். "கழட்டச் சொன்னதக் கட்டிவிடுற ஒரே ஆளு நீதான்டா." அவன் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "பெட்டியா பறக்கப் போகுது?" என்றான்.

அடையாளத்துக்காகக் கட்டியது, எப்போது வேறொன்றாக மாறியது என்பதை என்னால் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன ஒரு பிள்ளை தன் தாயோடு வந்து ஒரு நாடா கேட்டாள். பிறகு எங்கள் கோயில் பங்கில் யார் பயணம் போனாலும் கேட்டார்கள். மக்காவுக்கு உம்ரா புறப்பட்ட பக்கத்துக் கடை முதலாளி, "தம்பி கை வச்ச பிளேன்ல போறது ஒரு நிம்மதிதான்" என்று அக்காவிடம் சொன்னார். நாடா கட்டினால் அந்த விமானத்தை அவன் பார்த்துவிட்டான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எந்த விமானம் எந்தப் பயணத்துக்குப் போகும் என்பது முன்கூட்டியே அவனுக்கும் தெரியாது; சிலர் போனது வேறு கம்பனியின் விமானத்தில். அவன் மறுத்துச் சொன்னதில்லை. ஆமென்றும் சொன்னதில்லை. சிரித்தபடி கட்டிவிடுவான். ஒரு நாடா ஒரு பயணத்துக்குத்தான் என்ற விதியும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்ததும் அதை அவிழ்த்துவிட வேண்டும். அக்கா தன்னுடையதை மாதா சுரூபத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள்.

அந்தத் தவக்காலத்தில் அக்கா டோஹாவுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய ஒரே மகள் அங்கே கணவனோடு இருக்கிறாள். மகளுக்கு அது முதல் பிள்ளைப்பேறு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர டாக்டர் விடவில்லை. ஆகவே தாய் போவது என்று முடிவாகியது. அக்கா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயப்பொடி இடித்தாள், நல்லெண்ணெயைப் போத்தலில் ஊற்றி மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள், பழைய வேட்டிகளைத் துவைத்துப் பிள்ளைக்கு மெத்தென்ற துணிகளாகக் கிழித்து அடுக்கினாள். இந்த வேலைகளுக்கு நடுவில்தான் முகநூலில் அந்தப் பதிவுகள் வரத் தொடங்கின. தம்பியின் கம்பனி ஊழியர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் பெயரில்லாமல் எழுதினார்கள். அனுபவமுள்ளவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், உதிரிப்பாகம் வருவதில்லை, நிற்கிற விமானத்தில் கழற்றி ஓடுகிறதில் பூட்டுகிறோம், தூக்கமில்லாமல் கையெழுத்து வைக்கிறோம் என்றெல்லாம் இருந்தது. பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை என்று கம்பனி அறிக்கை விட்டது. நான் இரண்டையும் முழுதாக வாசித்தேன். இரண்டிலும் சரிபார்க்கக்கூடியது எதுவும் இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் இதே பேச்சு. அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் ஊரில் அவள் டீச்சர். "டோஹாவுக்கு பஸ் ஓடுனா சொல்லுங்க டீச்சர், நானும் ஏறிக்கிறேன்" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, "தம்பி வரட்டும் தங்கச்சி. அவன் நாடா கட்டுனா நான் போறேன்" என்றாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் வந்தான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. சாப்பிட்டான். தராசில் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்து, கருவாட்டுப் பொதியை வெளியே எடுத்து வைத்தான். இறுகியிருந்த பெட்டியின் ஸிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்து ஓடவிட்டான். பிறகு கைகழுவி வந்து கதிரையில் உட்கார்ந்தான். அக்கா பெட்டியின் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"நாடா எங்கடா?"

"இப்ப கொண்டுவர ஏலாது அக்கா. வேலைவிட்டு வாரப்ப கேட்ல பையக் கொட்டிப் பார்க்குறாங்க."

"அது கிடக்கட்டும். பிளேன் எப்படி இருக்கு?"

"அதப் பத்தி வெளிய பேச மாட்டோம்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க."

"நான் வெளி ஆளா?"

அவன் கோப்பையைக் கையில் எடுத்தான். தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தான். "சின்னக்கா, சீனி போதல" என்று என்னிடம் கோப்பையை நீட்டினான். நான் சீனி போட்டுக் கொண்டுவந்தபோது அக்கா, "போகவா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் என்னத்தச் சொல்ல அக்கா" என்றான். அவ்வளவுதான். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பைப் போடும்போது அவன் திரும்பிப் பார்த்தது பெட்டியை. எங்களை அல்ல.

அன்றிரவு அக்கா ஜெபமாலை சொன்னாள். காலையில் டிக்கெட் எடுத்த கடைக்குப் போய்ப் பயணத்தை ஈஸ்டருக்குப் பிந்திய ஒரு நாளுக்கு மாற்றினாள். பிள்ளைப்பேற்றுக்கு அப்போதும் நாள் இருந்தது. தம்பி வாயால் சொல்ல முடியாததை நாடாவைக் கட்டாமல் சொல்லிவிட்டான் என்பது அவளுடைய கணக்கு. என்னுடைய கணக்கும் அதுதான். அவள் போயிருக்க வேண்டிய நாளில் அந்த விமானத்தை நான் கைபேசி வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் அம்பு. அது தாமதமில்லாமல் டோஹாவில் இறங்கியது.

குருத்தோலை ஞாயிறன்று, பவனியிலிருந்து ஓலையோடு வீட்டுக்குள் நுழையும்போது, மருமகன் அழைத்தார். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு ஒரு படம் வந்தது. அக்கா டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற ஓடினாள். புனித வாரம் என்பதால் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த நாளுக்கு முந்திய நாள், பெரிய வெள்ளியன்று, பிள்ளை போய்விட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்; அக்கா பிறகு போகவில்லை. மகள் பேசியபோது ஒலிபெருக்கியைப் போட்டிருந்தோம். "நீங்க ஏன்மா வரல?" என்றாள். அழவில்லை. நேரம் கேட்பதுபோலக் கேட்டாள். அக்காவும் அழவில்லை. "டிக்கெட் சரிவரல மகள்" என்றாள். நாடாவைப் பற்றி எப்படிச் சொல்வது? பிறகு பெட்டியைத் திறந்து காயப்பொடியையும் எண்ணெயையும் எடுத்துக் குசினியில் வைத்தாள். துணிகளை எடுக்கவில்லை. அப்படியே பூட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னாள். நான் கதிரையில் ஏறி வைத்தேன். பகல் சோறு ஆக்கினோம். சாப்பிட்டோம்.

தம்பியை அவள் ஒரு சொல் கேட்கவில்லை. அவனும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. அதே வருடம் கண்டிப் பெரஹரா திருவிழா முடிந்த வாரம் அவனும் வளைகுடாவில் ஒரு விமானக் கம்பனியில் வேலை கிடைத்துப் புறப்பட்டான். அவனை ஏற்றிப்போகும் வான் வண்டி வாசலில் நின்றது. அவனுடைய பெட்டியிலும் நாடா இல்லை. அக்கா உள்ளே போய் மாதாவுக்குக் கீழேயிருந்த வேளாங்கண்ணி நாடாவை எடுத்துவந்தாள். மடித்த இடங்களில் நிறம் போயிருந்தது. குனிந்து அவன் பெட்டியில் கட்டினாள். "பழசுதான்" என்றாள். அவன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, கட்டி முடியும்வரை நின்றான். சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

அவனோடு வேலை செய்தவர்களில் இருவரை நான் பிற்பாடு சந்தித்தேன். ஒருவர் பேராதனையில் இருக்கிறார், மற்றவர் தெல்தெனியவில். ஒரே கேள்வியைத்தான் இருவரிடமும் கேட்டேன்: கம்பனி கேட்டில் பைகளைக் கொட்டிப் பார்க்கத் தொடங்கியது எப்போது? பதிவுகள் வந்த உடனேயே, தவக்காலத்தின் தொடக்கத்தில் என்றார் முதலாமவர். அப்படியானால் தம்பி சொன்னது உண்மை. நாடாவைக் கொண்டுவர வழியில்லை, அதற்கு வேறு பொருளும் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகுதான், தனக்கு நல்ல நினைவு என்றார் இரண்டாமவர். அப்படியானால் நாடாவைக் கொண்டுவர முடிந்தும் அவன் கொண்டுவரவில்லை; எங்கள் கணக்குச் சரி. தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். எந்த விமானம் எந்த நாளில் நின்றது என்று வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பவன், "அது எப்பன்னு ஞாபகம் இல்ல சின்னக்கா" என்றான். மற்றத் திகதிகளையெல்லாம் நான் சரிபார்த்துவிட்டேன். இந்த ஒன்றை இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. பெட்டிக்கு மேலே படியும் தூசியைச் சனிக்கிழமைகளில் துடைக்கிறேன். கைப்பிடியையும் துடைக்கிறேன்.