குகநாதனின் பிஸ்டலுக்கு ஒரு பிடி

சுவிஸில் ஜேர்மனும் பிரெஞ்சும் பேசுகிற பீல் நகரத்துத் தமிழ் வீடுகளில் மூன்றாம் தலைமுறை என்றால் பேரப்பிள்ளைகள். குகநாதன் வீட்டில் மட்டும் அது ஒரு பிஸ்டல். பொலிஸ்காரர் இடுப்பிலும் சுடுவோர் சங்கத்துப் பெட்டகங்களிலும் கிடக்கிற, பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த கறுப்புப் பிஸ்டல். கைபேசி மாதிரியே அதற்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய தலைமுறை ஒன்று வரும். உலகம் ஐந்துக்குப் போய்விட்டது. குகநாதன் மூன்றை விட்டு அசையவில்லை.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கிழமை நாட்களில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் கடிகார உறைகளுக்கு மெருகு போடுகிற வேலை. சனிக்கிழமை வந்தால் காட்டோரத்தில் இருக்கிற பிஸ்டல் சங்கம். இலங்கைக் கடவுச்சீட்டோடு சுவிஸில் துவக்கு வாங்க முடியாது. சுவிஸ் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் வராததுமாக அவர் செய்த முதல் காரியம் பிஸ்டலுக்கு அனுமதி கேட்டதுதான். அன்றைக்கு மனைவி புனிதவதிக்கு ஏறிய கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனீங்கள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்குறியளே, உங்களுக்கென்ன விசரோ?"

"அது ஆளைச் சுடுறது புனிதம். இது கடதாசியைச் சுடுறது."

உண்மையைச் சொன்னால் கடதாசிக்கும் பெரிய ஆபத்து இருக்கவில்லை. குகநாதன் சுமாராகத்தான் சுடுவார். காரணம் கேட்டால் பிடி என்பார். மூன்றாம் தலைமுறையின் பிடியில் விரல்களுக்கென்று பள்ளங்களும் இடையிடையே மேடுகளும் உண்டு. குகநாதனுக்குக் குட்டையான விரல்கள். பள்ளத்தில் இருக்கவேண்டியவை மேட்டில் ஏறிக் குந்தின. மேடே இல்லாத ஐந்தாம் தலைமுறை கடையில் கிடைக்கிறதே என்று யாரும் கேட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். பிஸ்டலை மாற்றுவதா? பிஸ்டலைத் திருத்துவார்!

முதலில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் பிடிக்கு உறை போட்டார். அது வழுகியது. பிறகு உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான ஒட்டுப்பட்டியைச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஒரு கிழமை சோற்றைக் கரண்டியால் தின்றார். கடைசியில், இரண்டு குழம்பைக் கலந்தால் கல்லாக இறுகுகிற பசையைப் பிடியின்மேல் அப்பி, தன் வலக்கையை அதில் அழுத்தி அச்சு எடுத்தார். பசை கையையும் விடவில்லை. புனிதவதி தேங்காய் எண்ணெய் ஊற்றி இழுத்தெடுத்தாள்.

"ஆடத் தெரியாதவள் அரங்கு கோணல் எண்டாளாம்," என்றாள் இழுக்கிறபோதே.

இறுகியபின் பார்த்தால் பிடி யாரோ கடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது. ஆனால் குகநாதனின் வலக்கை அதில் போய் அமர்ந்த அழகே அழகு. பெருவிரலுக்கு ஒரு திண்டு, உள்ளங்கைக்கு ஒரு மேடு, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வீடு. அவர் புள்ளிகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன.

சங்கத்தில் இருந்த மற்றத் தமிழன் யேசுதாசன். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. குகநாதனைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது. அவன் வைத்திருந்தது ஐந்தாம் தலைமுறை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுடுவான்.

"இதில மேடும் இல்லை பள்ளமும் இல்லை அண்ணை. கை சொத்தியானவனும் பிடிக்கலாம், இடக்கையாலயும் பிடிக்கலாம்."

"எல்லாருக்கும் பொருந்துறது ஒருத்தருக்கும் பொருந்தாது தம்பி. உன்ரை சவர்க்காரக் கட்டியை நீயே வைச்சிரு."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பூசை நடக்கும்.

சங்கத்துக்காக வெளியூர்ப் போட்டிகளுக்குப் போவது மூன்று பேர் கொண்ட அணி. குகநாதன் வருடக்கணக்காக அதில் பதிலாள். பதிலாள் என்றால் கார் ஓட்டுவது, சொசேஜ் வாட்டுவது, மற்றவர்களின் பைகளைத் தூக்குவது. அந்த வருடம் அணியில் ஒருவர் டிசினோ பக்கம் குடிபோய்விட்டார். இடம் காலி. வருடக் கடைசிப் போட்டியில் குகநாதன், யேசுதாசன் இருவரில் யார் கூடுதல் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கே இடம் என்று தலைவர் அறிவித்தார். குகநாதனுக்கு அந்த இடம் வேண்டும். இந்த நாட்டில் இத்தனை காலம் வேலை செய்திருக்கிறார், வரி கட்டியிருக்கிறார். ஒரு தரமாவது சொசேஜ் வாட்டுகிறவனாக இல்லாமல், பெயர் கூப்பிட்டு முன்னே வந்து நிற்கிறவனாக இருக்க ஆசைப்பட்டார்.

பிடியை நம்பினவர் முருகனையும் துணைக்குக் கூப்பிட்டார். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை இங்கேதான் தொடங்குகிறது. பிறந்து இத்தனை வயதுக்கு ஒரு விரதமும் பிடிக்காத மனிதர், கந்தசஷ்டி பிடிக்கிறேன் என்று நேர்ந்து, ரயிலேறி அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனார். ஐயர் மஞ்சள் தடவிய நூலைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாகக் காப்புக் கட்டினார். ஆண்களுக்குக் காப்பு வலக்கையில். விரதம் முடியும்வரை கழற்றக்கூடாது.

போட்டி விரதத்தின் நடுவில் வந்தது. ஆயுதங்களைப் பரிசோதிக்கும் ஃப்ராவ் கேர்பர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, சட்டம் என்றால் சட்டம். கொழுக்கட்டைப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சங்கப் போட்டிக்குப் பரவாயில்லை என்று விட்டாள். அடுத்து அவள் கண் மணிக்கட்டுக்குப் போனது.

"சுடுகிற கையில் இது இருக்கக்கூடாது. மணிக்கூடும் கூடாது, வளையலும் கூடாது. மணிக்கட்டுக்கு முண்டு கொடுக்கும்."

"இது சமயம்," என்றார் குகநாதன்.

"சமயத்தை மதிக்கிறேன். மணிக்கட்டுக்கு அது தெரியாதே," என்று சொல்லிக் கத்தரிக்கோலை நீட்டினாள்.

குகநாதன் வெளியே ஓடிப்போய் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"வெட்டுங்கோ," என்றாள் புனிதவதி. "வெட்டிப்போட்டு முருகனுக்கும் நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கோ. ஏன், மற்றக் கையை ஆண்டவன் என்னத்துக்குத் தந்தவர்?"

இடக்கையால் சுடலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் கொழுக்கட்டையை இடக்கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் வினை விளங்கியது. பெருவிரல் திண்டு உள்ளங்கையில் குத்தியது. ஒவ்வொரு விரலும் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டியது. வலக்கைக்காக அத்தனை பாடுபட்டுச் செய்த பிடி, இடக்கைக்கு முள்ளுக்கம்பி.

யேசுதாசன் ஏற்கெனவே சுட்டு முடித்திருந்தான். நல்ல புள்ளி. அவன் பேசாமல் இருந்து ஒரு கோப்பி குடித்திருந்தால் போதும், அணியில் இடம் அவனுக்குத்தான். அவனுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தான். குண்டு போடாத தன் பிஸ்டலைத் திறந்தபடி மேசையில் வைத்தான்.

"இந்தாங்கோ அண்ணை. சவர்க்காரக் கட்டி."

குகநாதன் இடக்கையால் அதை எடுத்தார். பிடியில் திருத்த ஒன்றும் இல்லை, நொட்டை சொல்லவும் ஒன்றும் இல்லை. வழக்கமாகச் சுடுமுன் விரல்களை ஒவ்வொன்றாக அவற்றின் வீட்டில் ஏற்றி இறக்கி அரை நேரத்தைத் தின்பார். பழக்கமில்லாத கைக்கு அந்த வித்தை தெரியாது. முன்னால் இருந்த கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்தார். விசையை மெதுவாக அழுத்தினார்.

புள்ளிகளைக் கூட்டிய ஃப்ராவ் கேர்பர் மறுபடியும் ஒருதரம் கூட்டினாள். யேசுதாசனைவிட ஒரு புள்ளி கூடுதல்.

குகநாதனுக்குச் சந்தோசமும் வெட்கமும் சேர்ந்து வந்து முகம் கோணிப்போனது. யேசுதாசன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அண்ணை, என்ரை துவக்கையே வாங்கி என்னையே விழுத்திப் போட்டியளே!"

"உனக்குக் கவலை இல்லையோடா?"

"இருக்கு. ஏன் இல்லாமல்? அணியில நீங்கள்தான் போங்கோ. எனக்கு ஒண்டே ஒண்டு போதும். அஞ்சாவதுதான் நல்லது எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ."

இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார் குகநாதன். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சாவதுதான் நல்லது," என்றார்.

"தமிழில சொன்னால் எங்கள் ரெண்டு பேருக்கும்தானே விளங்கும்? இவையளுக்கும் சொல்லுங்கோ."

ஜேர்மனில் சொன்னார். பாதி மண்டபம் கைதட்டிச் சிரித்தது. மற்றப் பாதி ஒன்றும் விளங்காமல் விழித்தது, அவர்கள் பிரெஞ்சு மொழிக்காரர். ஃப்ராவ் கேர்பர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்தச் சங்கத்தில் எந்த அறிவித்தலும் இரண்டு மொழியிலும் செய்யப்படவேண்டும், அதுதான் சட்டம் என்றாள்.

குகநாதனுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. பிரெஞ்சு மேசைக்காரர் அவரைத் திருத்தித் திருத்தி, பிழையில்லாமல் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள்.