அகத்தி நிழலில் ஒரு காசித்தும்பை

வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் சொன்னார்: "வேலுச்சாமி அண்ணன் விடியக்காலம் போயிட்டாக." அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சின்னமனூரில் வெற்றிலை பயிரிடும் கொடிக்காலில் நாங்கள் இருவரும் பல வருஷம் கூட்டு. அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு அவருடைய காசித்தும்பைச் செடியையும் தெரிந்திருக்கும். அது வந்த கதை தெரியாது. மகள் செல்லம்மாளைக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மலைக்காய்ச்சலில் அவள் இறந்ததும், அவள் வாசலில் மர நிழலில் பூத்திருந்த செடியின் விதையைக் கொண்டுவந்தார். வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பை அல்ல. காட்டில் தானாக முளைப்பது, வெயில் பட்டால் துவண்டுவிடும். "அதுக்கு ஏத்த நெழலு கொடிக்கால்லதான் தம்பி இருக்கு" என்று, வெற்றிலைக் கொடி படர நட்ட அகத்தி மரங்களின் கடைசி வரிசைக்குக் கீழே மக்கிய இலையைப் பரப்பி விதைத்தார்.

"அண்ணே, பூவையும் வெத்தலைக் கட்டுல வச்சு வித்துருவமா?" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டார்.

ஒரு மாதமாகியும் முளைக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே! இனி முளைக்காது என்று நானே முடிவுகட்டினேன். அவர் தேவதானப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், பாத்தியில் தலைகாட்டிய பச்சையை எல்லாம் களையென்று பிடுங்கி வரப்பில் எறிந்தேன். திரும்பி வந்தவர் ஒரு நாற்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "பிஞ்சுல எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும் தம்பி, விடு" என்றார். திட்டியிருக்கலாம்.

மழை ஓய்ந்ததும் விதைக்காக மறுபடி மலையேறினார். நான் உடன் போகவில்லை. வெற்றிலை கிள்ளும் வேலையைச் சாக்குச் சொன்னேன். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறிவிடும். காய்க்குக் காய் துணி கட்டிவிட்டு நான்கு நாள் அங்கேயே காத்திருந்தார். விதையோடு காய்ச்சலும் வந்தது. அந்தக் காய்ச்சல் அவரை விடவேயில்லை.

மறுவருஷம் பூத்தது. "இதே நெறந்தான், அவ வாசல்ல" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒருநாள் குளிரில் நடுங்கிக் கிடந்தபோது, "மலைக்குப் போனா காச்சல் வரத்தான் செய்யும். ஒன்னால இல்ல" என்றார். நான் கேட்காமலே சொன்னாரே, அதுதான் என்னைத் தின்கிறது.

கொடி முதிர்ந்துவிட்டதால் கொடிக்காலை அழித்து நெல் போட வேண்டிய தை மாதம் வந்துவிட்டது. முந்தாநாள் அகத்தி வெட்ட ஆட்கள் வந்தார்கள். கடைசி வரிசையைத் தொடக்கூடாது என்றேன். "வெத்தலையே இல்லாம அகத்தி எதுக்கு?" என்று முறைத்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரிசையின் ஐந்து மரங்களும் ஒரு பாத்தி நிழலும்தான். நேற்று காய்களுக்குத் துணி கட்டினேன். விரல் பட்டு ஒன்று வெடித்துவிட்டது. விதைகளைத் தேடவில்லை. இனி அந்தப் பாத்தியில் எது முளைத்தாலும் நான் பிடுங்கமாட்டேன்.