நான்கு மாலைப் படிக்காமல் எழுதிய ரிப்போர்ட்

முப்பது வருட சர்வேயர் வேலையில் ஒரே ஒரு ரிப்போர்ட்டைத்தான் நானே எழுதி, நானே தப்பென்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆலங்குளத்துக்கு மேற்கே ஒரு கரிசல் காடு. மேற்கு எல்லையில் ஓடை, கிழக்கு எல்லையில் வண்டிப்பாதை, நடுவில் வரப்பு. ஓடைப் பக்கத்துப் பாதியில் கிணறு உண்டு. கணவரை இழந்த முத்துக்கனி அங்கே மிளகாய் போட்டு, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். வண்டிப்பாதைப் பக்கத்துப் பாதி தரிசு. அது ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த ரெங்கசாமியுடையது. முத்துக்கனியின் மாமனாரும் ரெங்கசாமியின் அப்பாவும் அண்ணன் தம்பிகள். ரெங்கசாமியின் அப்பாதான் மூத்தவர்.

தண்ணீர் இல்லாத தரிசை வைத்திருந்து என்ன பயன் என்று விற்க நினைத்த ரெங்கசாமி பட்டாவை எடுத்துப் பார்த்திருக்கிறார். கிணறு இருக்கிற மேற்குப் பாதி, உட்பிரிவு 3ஏ, அவர் அப்பா பெயரில் இருந்தது. தரிசான 3பி முத்துக்கனியின் மாமனார் பெயரில். விடுவாரா? அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி மனுக் கொடுத்தார். பட்டாவே தப்பு என்று முத்துக்கனி எதிர்மனுக் கொடுத்தார். இரண்டும் என் மேஜைக்கு வந்தன.

நோட்டீஸ் கொடுத்து, இருவரையும் வைத்துக்கொண்டு அளந்தேன். முத்துக்கனி பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸை நீட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்தேன். மூத்தவருக்கு ஏ ஷெட்யூல் சொத்து, இளையவருக்கு பி ஷெட்யூல் சொத்து. பட்டாவிலும் மூத்தவருக்கு 3ஏ. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. மேற்கொண்டு புரட்டவில்லை.

"பத்திரமும் பட்டாவும் ஒண்ணாத்தானம்மா இருக்கு. எடம் அவருதுதான்" என்றேன்.

"மேடம், இம்புட்டு வருசமா இந்தக் கெணத்துல நாங்கதான் எறைக்கோம். அவியளுதுன்னா ஒரு நாளாவது கேக்காம இருப்பாவளா?" என்றார் முத்துக்கனி.

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றே ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. திரும்புகிற பஸ்ஸில் முத்துக்கனி கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பையிலிருந்த ஜெராக்ஸை எடுத்து நாலாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கேதான் நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதியிருந்தது. ஏ ஷெட்யூல், வண்டிப்பாதைக்கு மேற்கு, வரப்புக்குக் கிழக்கு. பி ஷெட்யூல், வரப்புக்கு மேற்கு, ஓடைக்குக் கிழக்கு, கிணறு உட்பட. கிணற்றுப் பாதி முத்துக்கனியுடையதேதான்.

நடந்தது இதுதான். யூடிஆர் என்ற பதிவேடு புதுப்பிக்கும் திட்டத்தில், நிலத்தை அளந்த சர்வேயர் எங்கள் வழக்கப்படி வடமேற்கு மூலையிலிருந்து தொடங்கி மேற்குப் பாதிக்கு 3ஏ போட்டிருக்கிறார். பெயர் ஏற்றியவர் ஏ ஷெட்யூல்காரரை 3ஏ-க்கு எழுதிவிட்டார். அவர் மேஜையில் உட்கார்ந்து செய்த தப்பு. நான் காட்டிலேயே நின்றுகொண்டு அதையே செய்தேன்.

மறுநாள் புது ரிப்போர்ட்டோடு தாசில்தார் முன்னால் நின்றேன்.

"ஏம்மா, நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? மேல விளக்கம் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். மெமோ வந்தா வாங்கிக்கிடுதேன். அந்தம்மா பொழப்பே அந்தக் கெணறுதான்."

அவர் நாலாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "நானும் ஏ-க்கு ஏ-ன்னுதான் பாத்தேன்" என்று முணுமுணுத்து, கோட்டாட்சியரான ஆர்டிஓவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டிஓ விசாரணைக்கு முன்னால் இருவரையும் காட்டுக்கே வரச்சொன்னேன். முத்துக்கனியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பத்திரத்தை ரெங்கசாமி கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எல்லை வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அப்ப எங்கது கெழக்கயா மேடம்?"

"மேல வாசிங்க."

"கிணற்றில் ஏ ஷெட்யூல்தாரருக்குச் சரிபாதி தண்ணீர்ப் பாத்தியம் உண்டு. முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது."

ரெங்கசாமியின் அப்பாவும் மில் வேலைக்குப் போய் நிலத்தைத் தரிசு போட்டதால் யாருமே அந்த முறையைக் கேட்டதில்லை. முத்துக்கனிக்கு முகம் சுண்டிப்போனது. வரப்பேறி வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். இனி தண்ணீருக்கு ஒரு வழக்கு வருமோ என்று எனக்குப் பயம். ஆனாலும் ஒருவருக்குச் சாதகமான வரியை மட்டும் வாசித்துவிட்டு மூடுவது சர்வேயர் வேலை இல்லை.

விசாரணையில் ரெங்கசாமி எல்லையை ஒப்புக்கொண்டார். ஆர்டிஓ முத்துக்கனியைப் பார்த்தார்.

"கிணத்துப் பாத்தியத்துல உங்களுக்கு ஆட்சேபம் உண்டாம்மா?"

முத்துக்கனி மேஜையிலிருந்த பத்திரத்தைக் காட்டினார்.

"எனக்கு எடம் எழுதுன தாள்லதான சார் அவியளுக்குத் தண்ணியும் எழுதியிருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் எறைச்சுக்கிடட்டும்."

ரெங்கசாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முத்துக்கனியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி உண்டுன்னா நான் எதுக்கு மேடம் விக்கப் போறேன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.